மடிப்பாக்கம் மரச்செக்கு கடை: ஏழு மாசமா எண்ணெய் வாங்கறேன், அம்மாவோட கால் புண்ணையும் சேர்த்து எழுதறேன்

கடை பேரு போடல. நல்லது நிறைய சொல்லப்போறேன், ஆனா ஒரு பெரிய குறையும் இருக்கு, அந்தக் குறை இந்த ஒரு கடையோடது மட்டும் இல்ல, வேளச்சேரி, நங்கநல்லூர், மேடவாக்கம்னு நான் ஏறி இறங்கின மத்த செக்கு கடைங்கள்லயும் எண்ணெய் நோய தீர்க்கும்னு அதே மாதிரி போர்டுதான் தொங்குது. ஒருத்தர மட்டும் பேர் சொல்லி காட்டறது நியாயமா படல. மடிப்பாக்கத்துல ஒரு உள் தெரு, கீழ ரெண்டு செக்கு ஓடுது, ஓனர் அண்ணனும் அவரு வீட்டுக்கார அக்காவும் பாத்துக்கறாங்க, கூட ஒரு பையன். இந்த ஏரியா ஆளுங்களுக்கு இவ்ளோ சொன்னாலே எதுன்னு புரிஞ்சிருக்கும்.

நான் செக்கு எண்ணெய் பைத்தியம் எல்லாம் கிடையாது. இருபது வருஷமா எங்க வீட்ல ரீஃபைண்டு சன்ஃபிளவர் பாக்கெட்தான். இந்தக் கடைக்கு போனதே அம்மாவுக்காக.

அம்மாவுக்கு 63 வயசு, 14 வருஷமா சுகர். போன செப்டம்பர்ல புது செருப்பு கடிச்சு வலது கால் பெருவிரலுக்கு கீழ ஒரு சின்ன கொப்புளம், கால்ல உணர்ச்சி கம்மிங்கறதால வலியே தெரியல, நாங்க பாக்கும்போது உள்ள சீழ் வெச்சிருந்துச்சு. ஆஸ்பத்திரில சேர்த்து, ஆபரேஷன் தியேட்டருக்கு கொண்டுபோய் செத்த சதையெல்லாம் வெட்டி எடுத்து சுத்தம் பண்ணாங்க. வீட்டுக்கு வரும்போது புண்ணு 4 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங். இன்சுலின் ஆரம்பிச்சாங்க, எம்சிஆர் செருப்பு (சுகர்காரங்க காலுக்குன்னு இருக்கற மெத்துனு ரப்பர் செருப்பு) எழுதிக்கொடுத்தாங்க, கால கீழ ஊணி நடக்கக்கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாங்க.

சாப்பாடு பத்தி டிஸ்சார்ஜ் சீட்டுல ஒரே வரி, சுகர் டயட்டுன்னு. மிச்சத்த சொந்தக்காரங்க எழுதிட்டாங்க. பெரியம்மா வந்து, "ஏன்டி, பச்ச புண்ணு இருக்கு, எண்ணெய் கண்ணுலயே காட்டாத, சீழ் பிடிக்கும்"னு சொல்லிட்டுப் போனாங்க. அத்தை போன்ல கத்திரிக்காய் கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாதுன்னு. எல்லாம் அம்மா மேல இருக்கற பாசத்துலதான் சொன்னாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அம்மாவும் அவங்க அம்மா காலத்துல இருந்து பாத்த பத்தியம், மறுபேச்சு பேசல. அஞ்சு வாரம். காலைல மூணு இட்லி, தொட்டுக்க தாளிக்காத சட்னி. மதியம் ரசம் சாதம், எண்ணெய் இல்லாம வேகவெச்ச காய். ராத்திரி மறுபடியும் இட்லி, இல்லன்னா கஞ்சி. தாளிப்பு வாசனையே வீட்ல இல்ல.

அஞ்சாவது வாரம் புண்ணு 4க்கு 3 இருந்தது 3.5க்கு 3. அவ்ளோதான். நடுவுல சிவப்பா வரவேண்டிய சதை வெளிறிப்போய் இருந்துச்சு. எடை 56ல இருந்து 51. முழங்கால் கீழ தோல் வெள்ளை வெள்ளையா செதில் மாதிரி உரியுது. டிரெஸ்ஸிங் பண்ற சிஸ்டர்தான் மொதல்ல கேட்டாங்க, "அம்மா ஒழுங்கா சாப்பிடறாங்களா?"

அப்புறம்தான் டயட்டீஷியன் மேடத்துக்கிட்ட போனோம். அவங்க கேட்ட மொத கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "வீட்ல மாசத்துக்கு எவ்ளோ எண்ணெய் ஆகுது?" நான் கொஞ்சம் பெருமையாவே, அம்மாவுக்கு எண்ணெயே போடறதில்ல மேடம்னு சொன்னேன். அவங்க பேனாவ கீழ வெச்சுட்டு அம்மாவப் பாத்து, "ஏம்மா, புது தோல் எதுல இருந்து வரும்னு நெனைக்கறீங்க?"ன்னு கேட்டாங்க.

அதுக்கப்புறம் அவங்க சொன்னது, அப்புறம் நானா தேடிப் படிச்சது ரெண்டும் சேர்த்து சொல்றேன், ஏன்னா இது தெரியாமத்தான் நிறைய வீட்ல பத்தியம்ங்கற பேர்ல ஆறவேண்டிய புண்ண பட்டினி போடறோம்.

புண்ணு ஆறணும்னா கோடிக்கணக்குல புது செல் வேணும். ஒவ்வொரு செல்லையும் சுத்தி இருக்கற சவ்வுல கொழுப்புதான் முக்கியமா இருக்கு. அதுல ரெண்டு கொழுப்ப நம்ம உடம்பால தயாரிக்கவே முடியாது, சாப்பாட்டுல இருந்துதான் வந்தாகணும்: ஒண்ணு லினோலியிக் ஆசிட், இது ஒமேகா 6 வகை, இன்னொண்ணு ஆல்ஃபா லினோலெனிக் ஆசிட், ஒமேகா 3 வகை. இத கண்டுபிடிச்சதே தோல வெச்சுதான். 1929ல அமெரிக்காவுல பர் (Burr)ங்கற ஒரு தம்பதி எலிகளுக்கு சுத்தமா கொழுப்பே இல்லாத தீனி போட்டு வளர்த்தாங்க, எலிகளுக்கு தோல் செதில் செதிலா போச்சு, வால் புண்ணாச்சு, வளர்ச்சி நின்னுபோச்சு. கொஞ்சூண்டு லினோலியிக் ஆசிட் கொடுத்ததும் தேறிடுச்சு. மனுஷங்களுக்கும் இது நடந்திருக்கு, 1970கள்ல வாய் வழியா சாப்பிட முடியாத நோயாளிங்களுக்கு கொழுப்பு சேர்க்காத டிரிப்ஸ் மட்டுமே வாரக்கணக்குல ஏத்தினப்போ இதே மாதிரி தோல் உரிஞ்சு, புண்ணு ஆறாம நின்னிருக்கு. தோலோட மேல் அடுக்குல உள்ள ஈரம் வெளிய போகாம, வெளி கிருமி உள்ள வராம காக்கற ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கு, அதுக்கு லினோலியிக் ஆசிட் கட்டாயம் வேணும்.

உடனே அம்மாவுக்கும் அதேதான் ஆச்சுன்னு நான் சொல்ல வரல, மேடமும் அத தெளிவா சொன்னாங்க. அரிசி, பருப்பு, தேங்காய்ல எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு கொஞ்சம் இருக்கு, அதனால முழுசா வத்திப்போற அளவுக்கு போயிருக்காது. தோல் உரியறதுக்கு சுகரும் ஒரு காரணம். அவங்க சொன்ன பெரிய பிரச்சினை வேற. ஒரு கிராம் கொழுப்புல 9 கலோரி, மாவுச்சத்துலயும் புரதத்துலயும் 4 தான். எண்ணெய மொத்தமா எடுத்ததும் அம்மாவுக்கு கலோரி சரிஞ்சுபோச்சு, சாப்பிட்ட கொஞ்ச நஞ்ச புரதத்தையும் உடம்பு புண்ணுக்கு அனுப்பாம அடுப்புல போட்டு எரிச்சுடுச்சு. அதுலயும் முட்டை, மீன் கட்டு. புண்ணு இருக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு, எடைல கிலோவுக்கு 1.25ல இருந்து 1.5 கிராம் வரைக்கும் புரதம் வேணுமாம், அம்மா எடைக்கு 65ல இருந்து 75 கிராம், அவங்க சாப்பிட்டுட்டு இருந்தது அதுல பாதிகூட வராது. கிட்னி டெஸ்ட் பாத்துட்டுதான் அந்த அளவு சொன்னாங்க, கிட்னி பிரச்சினை இருக்கறவங்க டாக்டர கேக்காம ஏத்தாதீங்க. இன்னொண்ணு, விட்டமின் ஏ, டி, ஈ, கே எல்லாம் கொழுப்புல கரையறது. முருங்கைக்கீரையும் கேரட்டும் எண்ணெயே இல்லாம வேகவெச்சு கொடுத்தா அதுல இருக்கற சத்து சரியா உள்ள ஏறாது. புது தோல் மூடறதுக்கு விட்டமின் ஏ ரொம்ப முக்கியம்.

சரி, கடைக்கு வரேன். மேடம் அம்மாவுக்கு சொன்ன அளவு நாளைக்கு நாலு டீஸ்பூன் எண்ணெய், அதாவது மாசத்துக்கு 600 மில்லி, ஒரே எண்ணெயா இல்லாம மாத்தி மாத்தி. எங்க வாங்கறதுன்னு தேடும்போதுதான் இந்தக் கடை.

மொத நாள் போனப்போ எள்ளு ஆட்டிட்டு இருந்தாங்க. வாகை மர உரல், மோட்டார்ல மெதுவா சுத்துது, அண்ணன் பக்கத்துல நின்னு கையால எள்ள தள்ளி விட்டுட்டே இருக்கார். அரைச்சது கொஞ்சம் கெட்டிப்பட்டதும் கருப்பட்டிய தட்டி உள்ள போட்டார். எனக்கு பகீர்னு ஆச்சு, எங்க அம்மாவுக்கு சுகர் அண்ணான்னு சொன்னேன். அவர் பொறுமையா சொன்னார், "கருப்பட்டி எண்ணெய்ல கரையாதும்மா, எண்ணெய் பிரிஞ்சு வரத்தான் போடறது, அது புண்ணாக்கோட போயிடும்." யோசிச்சுப் பாத்தா சரிதான், சர்க்கரை எண்ணெய்ல கரையாது. ரெண்டரை கிலோ எள்ளு போட்டா சுமாரா ஒரு லிட்டர்னு கணக்கு சொன்னார். கண்ணு முன்னாடி ஆட்டறத பாத்து வாங்கலாம்ங்கறதுதான் இந்தக் கடையோட பெரிய பலம். கேட்டா எள்ள கைல அள்ளிக் காட்டுவார், எப்ப வந்த மூட்டைன்னு சொல்லுவார். ஒவ்வொரு பாட்டில்லயும் ஆட்டின தேதி பேனாவால எழுதி இருக்கும், எனக்கு அது ரொம்பப் பிடிச்சது.

நல்லெண்ணெய்க்கு கண்ண மூடிட்டு முழு மார்க் கொடுப்பேன். லினோலியிக் ஆசிட்டும் ஒலியிக் ஆசிட்டும் (இது நம்ம உடம்பே தயாரிக்கக்கூடிய இன்னொரு கொழுப்பு) ஆளுக்கு 40 சதவீதம் பக்கம், கூடவே எள்ளுக்கே உரிய சில பொருள் இருக்கறதால சீக்கிரம் கெடாது. ஆனா எனக்கு இந்த சதவீதத்த விட முக்கியமா நடந்தது வேற ஒண்ணு. வாங்கிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி, அம்மா தட்டுல இட்லி வெச்சு, பக்கத்துல பொடி போட்டு, நடுவுல குழி பண்ணி ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊத்தினேன். அம்மா என்னையே பாத்தாங்க, "புண்ணுக்கு ஆவாதேடி"ன்னாங்க. மேடம் சொன்னத மறுபடியும் சொன்னேன். ஒரு துண்டு பிட்டு பொடில தோச்சு வாய்ல வெச்சவங்க, கண்ணு கலங்கிட்டாங்க. அஞ்சு வாரமா மூணு இட்லிய முழுங்க முடியாம மிச்சம் வெச்சுட்டு இருந்தவங்க அன்னிக்கு நாலு சாப்பிட்டாங்க. பசி எடுத்தாத்தான சாப்பாடு இறங்கும், சாப்பாடு இறங்கினாத்தான புண்ணுக்கு ஏதாவது போய்ச் சேரும்? வாசனையும் ருசியும் நோயாளிக்கு ஆடம்பரம் கிடையாதுன்னு நான் அன்னிக்குத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

கடலெண்ணெய் ரெண்டாவது மாசத்துல இருந்து வாங்கினேன். கிட்டத்தட்ட பாதி ஒலியிக், மூணுல ஒரு பங்கு கிட்ட லினோலியிக். தாளிக்க, பொரியலுக்கு அருமை. ஆனா இதுல ஒரு விஷயம் கவனமா இருக்கணும். வேர்க்கடலைல பூஞ்சை பிடிச்சா அஃப்லாடாக்சின்னு ஒரு விஷம் வரும், ஈரலுக்கு கெடுதல். ரீஃபைண்டு பண்ணும்போது அது போயிடும், செக்குல போகாது. அதனால செக்கு கடலெண்ணெய் வாங்கறவங்க கடலைய பாக்காம வாங்காதீங்க. சுருங்கினது, கருத்தது, முளைவிட்டது இருந்தா வேணாம்னு சொல்லிடுங்க. இங்க கடலைய அக்கா முறத்துல போட்டு பொறுக்கறத நானே நாலஞ்சு தடவை பாத்திருக்கேன். இருந்தும் டிசம்பர்ல வாங்கின ஒரு பாட்டில் திறந்ததுமே காறல் வாடை. எடுத்துட்டுப் போய் கொடுத்தேன். அண்ணன் மோந்து பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல, புது பாட்டில் கொடுத்து, அந்த தேதில ஆட்டின மிச்ச பாட்டில் எல்லாத்தையும் ரேக்ல இருந்து எடுத்து உள்ள வெச்சுட்டார். அதுக்கப்புறம்தான் அந்தக் கடை மேல எனக்கு முழு நம்பிக்கை வந்துச்சு.

அந்த வாடைக்கு காரணமும் கடைலதான் இருக்கு. மேற்கு பாத்த கடை, சாயங்கால வெயில் நேரா ரேக்ல விழுது, கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் பாட்டில். எண்ணெய்க்கு வெளிச்சமும் சூடும் ஆகாது. நான் சொன்னேன், ஒரு திரை கட்டுங்கண்ணான்னு, இன்னும் கட்டல. நீங்க போனா ரேக்ல இருக்கறத எடுக்காதீங்க, உள்ள டிரம்ல இருந்து புடிச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. எவர்சில்வர் தூக்கு கொண்டுபோனா லிட்டருக்கு பத்து ரூபா கழிச்சுக்கறாங்க, இப்ப நான் அப்படித்தான் வாங்கறேன்.

தேங்காயெண்ணெய் சுத்தமா இருக்கு, மணமா இருக்கு, தலைக்கும் அவியலுக்கும் வாங்கறேன். ஆனா சமையல் முழுக்க அதுலயே பண்ணாதீங்க, கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறை கொழுப்பு (சேச்சுரேட்டட் ஃபேட்), லினோலியிக் ஆசிட் ரெண்டு சதவீதம் பக்கம்தான், நான் மேல சொன்ன வேலைக்கு அது பத்தாது. ஆளிவிதை எண்ணெயும் வெச்சிருக்காங்க, அத நான் வாங்க வேணாம்னு சொல்லுவேன். சைவத்துல ஒமேகா 3க்கு ஆளிவிதை நல்ல வழிதான், ஆனா அதோட எண்ணெய் ரொம்ப சீக்கிரம் கெட்டுடும், சூடும் பண்ணக்கூடாது, இந்த ஊர் வெயில்ல ஃபிரிட்ஜுக்கு வெளிய வெச்சு விக்கறத நான் நம்பமாட்டேன். அதுக்கு பதிலா விதைய வாங்கி லேசா வறுத்து, வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமா பொடி பண்ணி இட்லிப்பொடில கலந்துக்கறேன்.

இன்னொண்ணு நேர்மையா சொல்லணும். லினோலியிக் ஆசிட்டுக்காக மட்டும்னா செக்குக்கு ஓடவே வேண்டியதில்ல, ரீஃபைண்டு சன்ஃபிளவர்லயே 60 சதவீதம் பக்கம் இருக்கு, ரீஃபைண்டு பண்றதால அது காணாமப்போறதில்ல. காசு இடிக்கறவங்க செக்கு வாங்க முடியலையேன்னு மனசு கஷ்டப்படாதீங்க. இங்க நான் வாங்கினப்போ நல்லெண்ணெய் லிட்டர் 440 ரூபா, கடலெண்ணெய் 300, அது எல்லாராலயும் முடியாது. பாக்கெட் எண்ணெய அளவா, புதுசா, ஒரு தடவை பொரிச்சத மறுபடி மறுபடி காய்ச்சாம உபயோகிச்சாலே பெரிய விஷயம். நாங்க அப்பளம் பொரிச்ச எண்ணெய கிண்ணத்துல எடுத்து வெச்சு வாரம் முழுக்க ஓட்டினவங்கதான், இப்ப நிறுத்திட்டோம். திரும்பத் திரும்ப காய்ச்சற எண்ணெய்ல சேர்ற கெட்ட பொருளுக்கு 25 சதவீதம்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (நாட்டோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2018லயே எல்லை வெச்சிருக்கு, அத தாண்டின எண்ணெய சமையலுக்கு உபயோகிக்கக்கூடாது. வனஸ்பதி மாதிரி விஷயங்கள்ல டிரான்ஸ் ஃபேட் (இதயத்துக்கு கெடுதலான ஒரு கொழுப்பு) 2 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு 2022 ஜனவரில இருந்து சட்டம். வீட்டு வாணலிய பாத்துக்க வேண்டியது நாமதான்.

மீன் விஷயத்துல அத்தை கிட்ட பெரிய வாக்குவாதமே ஆச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள் மத்தி, இங்க மீன்கார அக்கா கவலைன்னு சொல்லுவாங்க, இல்லன்னா காணாங்கெளுத்தி. வஞ்சிரத்தோட விலைல அஞ்சுல ஒரு பங்குகூட ஆகல. பொரிக்காம குழம்பு. புரதமும் வந்துச்சு, ஒமேகா 3யும் வந்துச்சு. இங்கதான் நான் புரிஞ்சுக்க நாளான ஒரு விஷயம் இருக்கு. புண்ணு ஆறறதுல மொதல்ல ஒரு அழற்சி கட்டம் வரும், சிவந்து வீங்கி வெள்ளை அணுக்கள் வந்து குப்பைய கூட்டித் தள்ளும், அதுக்கு கூப்பாடு போடற பொருளெல்லாம் பெரும்பாலும் ஒமேகா 6ல இருந்து வருது. வேலை முடிஞ்சதும் போதும் அடங்குன்னு சொல்ற பொருள் சிலது ஒமேகா 3ல இருந்து வருது. சுகர்காரங்க புண்ணு அந்த மொத கட்டத்துலயே மாட்டிக்கிட்டு நிக்கறது ஜாஸ்தி. அப்போ மீனெண்ணெய் மாத்திரைய கைநிறைய போட்டா சீக்கிரம் ஆறிடுமேன்னு நானும் நெனைச்சேன், கடைல கேப்சூல் டப்பாவும் வெச்சிருக்காங்க, பையன் எடுத்தும் கொடுத்தான். மேடம் வேணாம்னுட்டாங்க. படிச்சுப் பாத்தா 1993ல எலிகளுக்கு மீனெண்ணெய் அதிகமா இருக்கற தீனி போட்டு பாத்திருக்காங்க, ஒரு மாசம் கழிச்சு தழும்போட பலம் குறைவா இருந்திருக்கு. 2008ல ஆரோக்கியமான 30 பேர வெச்சு, கைல சின்ன கொப்புளம் உண்டாக்கி பாத்ததுலயும், மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு புண்ணு சீக்கிரம் ஆறினதா தெரியல. மீனா சாப்பிடறது வேற, மாத்திரையா குவிக்கறது வேற. அதேபோல எண்ணெய் நல்லதுன்னு தினம் பூரி, வடைன்னு இறங்கினாலும் தப்புதான், கொழுப்பு ரொம்ப அதிகமான தீனில குண்டான எலிகளுக்கு புண்ணு ஆற லேட்டாகுதுன்னு திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க.

இப்ப அந்த குறை. கடை வாசல்ல ஆளுயர போர்டு. எந்த எண்ணெய் எந்த நோய தீர்க்கும்னு வரிசையா. நல்லெண்ணெய்க்கு நேரா சர்க்கரை நோய், தேங்காயெண்ணெய்க்கு நேரா ஆறாத புண்ணு, வேற ஒண்ணுக்கு நேரா புற்றுநோய்னு கூட இருக்கு. ஜனவரில ஒரு நாள் நான் நிக்கும்போதே ஒரு பெரியவர் கால்ல துணி கட்டிட்டு வந்தார், பையன் அவர்கிட்ட, "தேங்காயெண்ணெய காய்ச்சி ஆறவெச்சு புண்ணு மேல ஊத்துங்கய்யா, ஒரு வாரத்துல சரியாயிடும்"ங்கறான். எனக்கு நெஞ்சு பதறிடுச்சு. எங்க அம்மாவுக்கு கொப்புளமா இருந்தது சீழா மாறினதே நாலு நாள்ல. அந்த ஒரு வாரத்துல விரல் போகலாம், கால் போகலாம். நான் குறுக்க புகுந்து, ஐயா உங்களுக்கு சுகர் இருக்கா, மொதல்ல கால் டாக்டர பாருங்கய்யான்னு சொன்னேன். அவர் போனதும் ஓனர் அண்ணன்கிட்ட நேராவே பேசினேன். அவர் கெட்டவர் இல்ல, போர்டு ஒரு கம்பெனிக்காரன் அச்சடிச்சு எல்லா செக்கு கடைக்கும் கொடுத்ததும்மா, நான் படிச்சுகூட பாக்கலன்னார். அண்ணா, நீங்க இவ்ளோ நல்ல எண்ணெய் ஆட்டறீங்க, சமையலுக்குன்னு மட்டும் சொல்லி வித்தாலே கூட்டம் வரும், இந்தப் போர்டால யாராவது ஆஸ்பத்திரிக்கு போறத தள்ளிப்போட்டா அந்தப் பாவம் நமக்கு வேணாம்னேன். ரெண்டு வாரம் கழிச்சு போனப்போ புற்றுநோய், புண்ணு ரெண்டு வரி மேலயும் பேப்பர் ஒட்டி இருந்துச்சு. சர்க்கரை நோய் இன்னும் இருக்கு. இதுக்காகவே நான் அஞ்சுக்கு மூணரை ஸ்டார்தான் கொடுக்கறேன், இல்லன்னா நாலரை கொடுத்திருப்பேன்.

டெலிவரி வேணாம். ரெண்டு தடவை போட்டேன், ரெண்டு தடவையும் மூடி லீக்காகி பை முழுக்க எண்ணெய். மழை நாள்ல எங்க தெருவுல முட்டிக்கால் தண்ணி நிக்கும், அப்ப பையன் நடந்தே கொண்டுவந்து கொடுத்தான், அதுக்கு அவனுக்கு நன்றி சொல்லியே ஆகணும்.

அம்மா புண்ணு? சாப்பாட மாத்தினதுல இருந்து மூணாவது வாரம் நடுவுல மணி மணியா சிவப்பு சதை தெரிஞ்சுது. சிஸ்டர் டார்ச் அடிச்சு காட்டினாங்க. ஒன்பதாவது வாரம் முழுசா மூடிடுச்சு. எண்ணெய்யாலதான் ஆறுச்சுன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன், அதே நேரத்துலதான் இன்சுலின் அளவு சரியாச்சு, முட்டை மீன் சேர்ந்துச்சு, அம்மா கால ஊணாம ஒழுங்கா உக்காந்தாங்க, டிரெஸ்ஸிங் ஒரு நாள்கூட தவறல, மழைல ஆட்டோ வராத நாள் தம்பி பைக்ல உக்காரவெச்சு காலுக்கு பிளாஸ்டிக் கவர் கட்டி கூட்டிட்டுப் போனான். எது எவ்ளோன்னு பிரிக்க முடியாது. ஆனா எண்ணெய் சேர்த்தும் ஒரு சொட்டு சீழ் வெக்கலங்கறத பெரியம்மாவே வந்து கால தொட்டுப் பாத்துட்டு ஒத்துக்கிட்டாங்க. எடை இப்ப 55. மூடின தோலும் பழைய பலத்துக்கு முழுசா வராது, அதிகபட்சம் 80 சதவீதம்தான்னு டாக்டர் சொல்லி இருக்கார், அதனால எம்சிஆர் செருப்பு வீட்டுக்குள்ளயும் போடறாங்க, தினம் ராத்திரி நான் கால் அடிய பாத்துட்டுதான் படுக்கறேன்.

போறவங்களுக்கு: செவ்வாய் எள்ளு, வியாழன் கடலை, சனிக்கிழமை தேங்காய் ஆட்டறாங்க. காலைல எட்டரைக்குள்ள போனா கூட்டம் இருக்காது, ஆட்டறத நின்னு பாக்கலாம். மதியம் ரெண்டுல இருந்து நாலு வரை கடை மூடி இருக்கும். ஜிபே இருக்கு. அரை லிட்டரா வாங்குங்க, தீந்ததும் மறுபடி போகலாம். புண்ணாக்கும் கிடைக்கும், மாடு வெச்சிருக்கறவங்க முன்னாடி நாளே அக்காகிட்ட சொல்லி வெச்சுடுங்க.